தோற்கும் செலவு யார் கணக்கில்? கோவைப் பட்டறைகள், நொய்யல் தண்ணீர், தொழில்முனைவு

பட்டறைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் மெக்கானிக்கல் படித்துவிட்டு நான்கு ஆண்டுகளாகப் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வீட்டு வெட் கிரைண்டரில் பெல்ட்டையும் கியரையும் எடுத்துவிட்டு பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டாரை நேரடியாகப் பொருத்த வேண்டும் என்பது அவனுடைய திட்டம். மின்சாரம் மிச்சமாகும், சத்தம் குறையும் என்கிறான். அதில் எனக்கு மறுப்பில்லை. எங்களுக்குள் வாக்குவாதம் அடுத்த படியில்தான். விளக்கப்படம் தயாரித்து முதலீட்டாளர்களைத் தேடப் போகிறேன் என்கிறான் அவன். அதற்கு முன் ஓராண்டு கோவை கணபதிப் பகுதிக்கு வந்து என் பட்டறைக்குப் பக்கத்தில் உட்கார் என்கிறேன் நான். யார் சொல்வது சரி என்று இங்குள்ளவர்களிடம் கேட்கலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் வாதத்துக்கு ஊரின் கதையே சாட்சி. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்ததால் மில் வந்தது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை அவற்றில் மூத்தது. மில் எந்திரத்தில் ஒரு பல் உடைந்தால் மான்செஸ்டரிலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், பழுது பார்ப்பவர்களும் வார்ப்படக்காரர்களும் உருவானார்கள். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு மலிவான மின்சாரம் கிடைத்தது, மில்களும் பெருகின, கிணறுகளில் கவலை ஏற்றத்துக்குப் பதிலாக மோட்டார் வைக்கலாம் என்ற எண்ணமும் வந்தது. ஜி.டி. நாயுடுவும், பின்னாளில் டெக்ஸ்டூல் எந்திரத் தொழிற்சாலையைத் தொடங்கிய பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937இல் மின்மோட்டார் செய்தார்கள். 1955இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஒவ்வொன்றும் முந்தையது விட்டுச்சென்ற கைத்திறனின் மீது எழுந்ததே தவிர, வானத்திலிருந்து யாருக்கும் யோசனை விழவில்லை.

என் அப்பா காலத்தில் நான் நேரில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். கிராமங்களில் பகலில் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்து போகும். சாதாரண மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிடும். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலைக்காரர் ஒருவர், சுழலாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டரில் சுற்றைக் குறைத்து, கம்பியின் பருமனைக் கூட்டிக் கட்டிக் கொடுத்தார். மோட்டார் ஓடியது. ஆனால் நடுராத்திரியில் மின்னழுத்தம் ஏறியபோது அதே மோட்டார் சூடேறிக் கருகிப் போயிற்று. எரிந்த கம்பியைப் பழைய விலைக்குப் போட்டுவிட்டு, அவரே மறுபடியும் வேறு கணக்கில் கட்டினார். மூன்றாவது முறை நின்றது. வார்ப்புக்கு மாதிரி அச்சான பேட்டர்ன் செய்பவரும், பவுண்டரியும், லேத்தும், வைண்டிங் கடையும் நான்கு தெருவுக்குள் இருந்ததால் ஒவ்வொரு தோல்விக்கும் சில நூறு ரூபாய்க்கு மேல் செலவாகவில்லை. முதலீட்டைவிட, தோற்றாலும் மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கக்கூடிய ஓர் ஊர்தான் புதுமைக்கு முதலில் வேண்டும் என்பது என் கருத்து. தவறு இருந்தால் திருத்துங்கள்.

பொருளியல் மாணவி

ஐயா, நீங்கள் சொன்ன வைண்டிங் கதை அருமையாக இருக்கிறது. ஆனால் அதைப் புதுமை என்று அழைப்பதற்கு முன் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர் கண்டுபிடிப்பையும் புதுமையாக்கத்தையும் பிரித்தார். ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்தாலும், அது சந்தைக்கு வந்து, பழைய முறையை ஓரங்கட்டி, உற்பத்தியின் போக்கையே மாற்றும்போதுதான் பொருளாதாரத்தில் அதற்கு இடம் கிடைக்கிறது. புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய வழி, தொழிலின் அமைப்பையே மாற்றுவது என்று ஐந்து வகையாக அவர் அதைக் கண்டார். இன்னொரு பொருளியலாளர் இஸ்ரேல் கர்ஸ்னர் வேறு விதமாகப் பார்த்தார்: ஏற்கெனவே இருக்கும் விலை வேறுபாட்டையும் தேவையையும் மற்றவர்களுக்கு முன்பாகக் கவனித்துவிடும் விழிப்புதான் தொழில்முனைவு என்றார். உங்கள் வைண்டிங்காரர் கர்ஸ்னர் சொன்ன வகையினர் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் ஐயம் வேறு. ஆயிரம் பட்டறைகள் ஒரே பம்பைச் செய்து, ஒருவர் மற்றவரைவிட ஐம்பது ரூபாய் குறைத்து விற்பதை வளர்ச்சி என்று எவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? சிறு நிறுவனங்கள் சிறியவையாகவே முப்பது ஆண்டுகள் நின்றுவிடுவது இந்தியத் தொழில்துறையின் நெடுநாள் நோய் அல்லவா? ஆராய்ச்சிக்கு ஓர் ஆளை நிறுத்தும் வசதி பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இருக்காது. உங்கள் அக்கா மகன் முதலீட்டாளரைத் தேடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் பட்டறையாகவே நின்றுவிட விரும்பவில்லை.

பட்டறைக்காரன்

ஆராய்ச்சி வசதி தனித்தனியாக இருக்க வேண்டியதில்லை, அம்மா. நூற்பாலைகளுக்காக 1956இல் தொடங்கிய சிட்ரா ஆராய்ச்சி நிறுவனம் இங்கே இருக்கிறது. பம்பு, மோட்டார் செய்பவர்கள் சேர்ந்து நிறுவிய சிடார்க் சோதனைக்கூடமும் இருக்கிறது. என்னைப் போன்றவர் ஒரு பம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டணம் கட்டி, எத்தனை லிட்டர் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று சான்றிதழ் வாங்கி வரலாம். தனியாக அந்தக் கூடத்தைக் கட்ட எனக்கு ஏழு பிறவி வேண்டும். சிறிதாகவே நின்றுவிடுகிறோம் என்ற குற்றச்சாட்டை மறுக்க மாட்டேன். அதற்குக் காரணம் சோம்பல் இல்லை என்பதை மட்டும் வேறொருவர் வந்து சொல்வார் என்று நம்புகிறேன்.

நொய்யல்வாசி

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஊர் முழுவதும் சேர்ந்து தோல்வியின் செலவைக் குறைத்தது என்று பட்டறைக்கார அண்ணன் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஊர் முழுவதும் சேர்ந்து வெற்றியின் செலவை ஆற்றில் விட்டது.

எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் 1992இல் கட்டி முடித்த அணை அது. சில ஆண்டுகளிலேயே அதில் நின்றது திருப்பூரின் சாயத் தண்ணீர். விவசாயிகளே மதகைத் திறக்க வேண்டாம் என்று மன்றாடிய அணை தமிழ்நாட்டில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. தென்னை மரத்தின் குருத்து சிறுத்து, காய் எலுமிச்சை அளவுக்கு வந்து உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். என் பாட்டி அந்தக் காய்களைக் கூடையில் பொறுக்கி வைத்து, வருவோர் போவோரிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருப்பார்.

1978இல் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளை டி-சர்ட்டைத் தேடி வந்ததில் தொடங்கி, உள்ளூர் பனியன் நகரம் உலகச் சந்தைக்குப் போன கதையை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அது பெருமைக்குரியதுதான். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போனவர்கள், நான்கு தையல் எந்திரத்தோடு தொடங்கியவர்கள் ஏற்றுமதியாளர்கள் ஆனார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தில் எங்கள் கிணறு எந்தப் பக்கம் எழுதப்பட்டது என்பதுதான் என் கேள்வி. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று உத்தரவு வந்தது, அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2009இல் உறுதியானது, அதற்குப் பிறகும் நடக்காததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஏறக்குறைய 700 பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன.

பழைய டையிங் மாஸ்டர்

நொய்யல்வாசி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுப்பதற்கில்லை. நான் அந்தப் பட்டறைகளில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், தொழில்நுட்பப் பக்கத்தை மட்டும் விளக்குகிறேன். இந்த இழையின் கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடாமல் நூலை நோக்கிப் போவதற்கு உப்பு உந்துகிறது. அழுத்தமான கருநீலம், கறுப்பு போன்றவற்றுக்கு உப்பின் அளவு இன்னும் கூடும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். முதலில் நாங்கள் வைத்திருந்த சுத்திகரிப்பு முறைகளில் நிறம் போயிற்று, கசடு பிரிந்தது, உப்பு மட்டும் அப்படியே ஆற்றுக்குப் போயிற்று. பார்ப்பதற்குத் தெளிவாக இருந்ததால் நல்ல தண்ணீர் என்று நாங்களே நம்பிக்கொண்டோம். உங்கள் பாட்டியின் தென்னை அந்த உப்பில்தான் சுருங்கியது.

மூடல் உத்தரவுக்குப் பிறகு உப்பைச் சவ்வால் பிரிக்கும் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் மூலம் பெரும்பகுதித் தண்ணீரை மீட்டு, மிஞ்சும் அடர்உப்பு நீரை ஆவியாக்கிக் காய்ச்சினோம். ஆவியாக்கும் எந்திரங்கள் எரிபொருளையும் மின்சாரத்தையும் அள்ளிக் குடித்தன. ஒரு லிட்டரைக் காய்ச்சும் செலவைப் பார்த்தால் சாயம் போட்டு வரும் கூலியே பத்தாது என்ற நிலை இருந்தது. திருப்பூர் அருகே உள்ள அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அப்போது ஒரு வழி தெளிவானது. அந்த உப்பு நீரையே நிறமும் கடினத்தன்மையும் நீக்கி, அடுத்த சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால், ஆவியாக்க வேண்டிய அளவு குறையும், வெளியில் உப்பு வாங்கும் செலவும் குறையும். சாயம் சரியாக ஏறுமா, ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் நிறம் மாறாதா என்று நாங்கள் தயங்கினோம். சின்னச் சின்ன லாட்டாகப் போட்டுப் பார்த்து, உப்பின் செறிவைத் தினமும் அளந்து, அளவைத் திருத்தித் திருத்தி வழிக்குக் கொண்டுவந்தோம். இன்று தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீண்டும் தொட்டிக்கே வருகிறது. ஊரே இதை உலகத்துக்குக் காட்டிப் பெருமைப்படுகிறது. உண்மையைச் சொன்னால், நீதிமன்றம் பூட்டுப் போடாமல் இருந்திருந்தால் நாங்கள் யாரும் அந்த உப்பைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

பொருளியல் மாணவி

மாஸ்டர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பொருளியலாளர் வில்லியம் பாமோல் 1990இல் ஒரு கட்டுரையில் வைத்த வாதம் இதற்கு நேராகப் பொருந்துகிறது. ஒரு சமூகத்தில் முனைப்புள்ளவர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, அந்த முனைப்பு எந்தப் பக்கம் போனால் பலன் என்று விதிகள் சொல்கின்றன என்பதுதான் முக்கியம் என்றார் அவர். பண்டைய ரோமிலும் இடைக்காலச் சீனத்திலும் கெட்டிக்காரர்கள் குறைவாக இருக்கவில்லை; கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசு உற்பத்தியில் இல்லாமல் பதவியிலும் செல்வாக்கிலும் இருந்தது. ஆற்றில் விடுவது இலவசமாக இருந்தவரை திருப்பூரின் திறமை முழுவதும் விலையைக் குறைப்பதிலும் ஆர்டரை வேகமாக முடிப்பதிலும் போயிற்று. ஆற்றுக்கு விலை வைத்ததும் அதே ஆட்கள், அதே தொட்டி, அதே ஊர்; திறமை மட்டும் உப்பை மீட்பதில் போயிற்று. முனைவோர் மாறவில்லை, விதி மாறியது.

கடலூர்க்காரன்

எங்கள் ஊர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷாம்பூவைச் சிறு பையில் அடைத்து விற்கலாம் என்று கடலூரில் சின்னிகிருஷ்ணன் யோசித்தார். பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பூ போட்டுக் குளித்தார்கள். அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியது பின்னாளில் கவின்கேர் ஆனது. கர்ஸ்னர் சொன்ன விழிப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

நொய்யல்வாசி

அந்தப் பைகள் இன்று எந்தச் சாக்கடையில் இருக்கின்றன என்றும் சேர்த்துக்கொள்ளலாமா?

கடலூர்க்காரன்

சேர்த்துக்கொள்ளலாம். என் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாக்கடையில்தான்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் ஒரு குறிப்பு. ஷும்பீட்டரைப் பற்றி எழுதிய மாணவி, அவர் முனைவோருக்கு இணையாக வங்கியாளரையும் முன்னே நிறுத்தினார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இருக்கும் சேமிப்பை எடுத்துத் தருபவராக மட்டும் அவர் வங்கியாளரைப் பார்க்கவில்லை; இன்னும் உருவாகாத உற்பத்திக்கு இன்றே வாங்கும் சக்தியை உருவாக்கித் தருபவராகப் பார்த்தார். நடைமுறையில் நாங்கள் செய்தது வேறு. வந்தவரின் யோசனையைக் கேட்பதற்கு முன் நிலப் பத்திரத்தைக் கேட்டோம். நிலம் இருப்பவர்களே தொழிலுக்கு வந்தார்கள். கொங்குப் பகுதியில் தொழில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம், மற்ற பகுதிகளில் வளராததற்கும் இதுவே ஒரு காரணம். பிணையில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தர 2000ஆம் ஆண்டு சி.ஜி.டி.எம்.எஸ்.இ. அறக்கட்டளை வந்தது. திட்டம் நல்லது. ஆனால் கடன் வாராமல் போனால் விளக்கக் கடிதம் எழுதப்போவது மேலாளர் என்பதால், உத்தரவாதம் இருந்தும் பத்திரத்தைக் கேட்ட மேலாளர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1949இலேயே தொழில் முதலீட்டுக் கழகத்தை இந்த மாநிலம் தொடங்கியது. 1958இல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. எந்திரம் வாங்கக் கடன், ஷெட்டுக்கு இடம் என்ற இரண்டும் ஓரளவுக்குக் கிடைத்தன. அன்றும் இன்றும் கிடைக்காதது நடைமுறை மூலதனம். சரக்கு போய்விடும், பில் போய்விடும், பணம் மட்டும் வராது. நான் பார்த்த நலிந்த கணக்குகளில் பெரும்பாலானவை யோசனை தோற்று நலிந்தவை அல்ல. வர வேண்டிய பணம் வராமல் நலிந்தவை.

பவர் டேபிள்

மேலாளர் ஐயா கடைசியாக எழுதிய வரிக்காகவே பதிவு செய்கிறேன். திருப்பூரில் 14 தையல் எந்திரம் வைத்து, மற்ற நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கிறேன். ஓவர்லாக் ஐந்து, பேட்லாக் நான்கு, மீதி சிங்கர். கைமடி வேலைக்கும் பிசிர் வெட்டவும் ஆறு பெண்கள். கட் செய்த துணி கட்டுக் கட்டாக வரும், தைத்து அனுப்புவோம். நீங்கள் எல்லோரும் எழுதும் தொழில்முனைவோர் பட்டியலில் நானும் வருவேனா என்று எனக்குத் தெரியாது. பத்து ஆண்டுகளாக மாதக் கடைசி சனிக்கிழமை சம்பளம் போட்டிருக்கிறேன்.

பட்டறைக்கார அண்ணனிடம் ஒரு கேள்வி. தோல்விக்குச் செலவு குறைவு என்று எழுதினீர்கள். யாருக்குக் குறைவு? அந்த வைண்டிங்காரர் மூன்று முறை கட்டினாரே, முதல் இரண்டு முறைக்கும் உங்கள் அப்பா கூலி கொடுத்தாரா? எனக்கு வேலை தரும் ஒரு நிறுவனம் சென்ற ஆண்டு புது மாடல் ஒன்றைப் போட்டுப் பார்த்தது. கழுத்துப் பட்டி சரியாக உட்காராமல் 1,100 பீஸைப் பிரித்துத் திரும்பத் தைத்தோம். அளவு தவறு அவர்களுடையது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இரண்டாம் முறை தைத்த கூலி இன்னும் வரவில்லை. அவர்கள் கணக்கில் அந்தச் சோதனைக்குச் செலவே ஆகவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்து 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்; கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டு வரும்வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது. அதற்கு முந்தைய மார்ச்சில் எனக்குப் பழைய பாக்கி ஒன்று நிஜமாகவே வந்தது, மறைக்க மாட்டேன். அதே மாதத்தில் இன்னொருவர் கூப்பிட்டு, “உத்யம் பதிவை எடுத்துவிடுங்கள் அம்மா, இல்லையென்றால் வேலையை வேறு யூனிட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும்” என்றார். சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு அது. கூட்டு வட்டி கேட்டு மனுப் போடலாம்தான். போட்ட மறுநாள் கட்டிங் கட்டு என் வாசலுக்கு வராது.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

அம்மா, மேற்கண்ட நிலைக்காகவே டிரெட்ஸ் என்ற மின்தளத்தை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. உங்கள் பில்லை வாங்குபவர் அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கி உங்களுக்கு உடனே பணம் தந்துவிட்டு, கெடு நாளில் அவரிடம் வசூலிக்கும். பிணை தேவையில்லை.

பவர் டேபிள்

வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஐயா. ஏற்றுக்கொள்பவர் என்றால் எனக்கு நேரிலேயே கொடுத்திருப்பார்.

மதுரைக்காரர்

பட்டறைக்காரரின் அடிப்படை வாதத்துக்கு எதிராக ஓர் எடுத்துக்காட்டு வைக்கிறேன். பக்கத்துத் தெருவில் லேத்தும் பவுண்டரியும் இருப்பதால் வராத புதுமைகளும் உண்டு. 1976இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவை சிகிச்சையை எண்ணிக்கையில் பெருக்கியது. ஆனால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை நூறு டாலர் அளவில் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்ததால், ஏழை நோயாளிக்கு லென்ஸ் வைக்காமல் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்பும் நிலை இருந்தது. 1992இல் ஆரோலேப் என்ற பிரிவைத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து தொழில்நுட்பத்தைப் பெற்று, தூசி புகாத அறைகளில் இங்கேயே லென்ஸ் செய்து, விலையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். தோற்றுத் தோற்றுப் பழகும் இடம் அது இல்லை. ஒரு லென்ஸ் தோற்றால் ஒரு கண் போகும். அங்கே முதலில் வேண்டியிருந்தவை பொறுமையான பணம், தரக் கட்டுப்பாடு, செய்தவுடன் வாங்கிக்கொள்ளும் ஒரு மருத்துவமனை. லாபத்தை முதல் நோக்கமாகக் கொள்ளாத ஓர் அறக்கட்டளையும் தொழில்முனைவோராக இருக்க முடியும் என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் அக்கா மகனின் கிரைண்டர் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். கருகினால் கம்பியை மாற்றிக் கட்டும் வகையா, கருகினால் பெயரே போய்விடும் வகையா?

பட்டறைக்காரன்

நல்ல கேள்வி. கிரைண்டர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சோதனையில் கருகலாம், சமையலறையில் கருகக் கூடாது.

பவர் டேபிள் அம்மாவின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். நேற்று இரவு அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு 81 வயது. மூன்றாவது முறைக்கு மட்டுமே கூலி கொடுத்ததாகச் சொன்னார். “அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை” என்றார். அந்த வைண்டிங்காரர் காலமாகிவிட்டார். அந்த மோட்டார் எங்கள் பெயரில் சில நூறு விற்றது. நான் என் முதல் பதிவில் எழுதிய சில நூறு ரூபாய் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு மட்டுமே என்பதை இப்போது பார்க்கிறேன்.

அக்கா மகன் இந்த இழையைப் படித்துவிட்டான். வேலையை விடவில்லை, மூன்று மாதம் விடுப்புக் கேட்டிருக்கிறான். வந்த பிறகு எழுதுகிறேன்.

பொருளியல் மாணவி

காத்திருக்கிறோம், ஐயா. வெட் கிரைண்டருக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கியபோது, சிறு தயாரிப்பாளர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் நேரம் கிடைத்தால் எழுதுங்கள். விதி மாறினால் முனைப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதற்கு அதுவும் ஒரு பாடமாக இருக்கும்.

பட்டறைக்காரன்

வரி ஏறியபோது விலையை ஏற்ற முடியாதவர்கள் கல்லின் எடையைக் குறைத்தார்கள், மாணவி. சிலர் பில் இல்லாமல் விற்றார்கள். அதைப் புதுமை என்று எந்த அறிஞரும் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

பட்டறைக்காரன் (நான்கு மாதங்களுக்குப் பிறகு)

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அவன் வந்தான். முதல் வாரத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டியபோது அருமையாகச் சுற்றியது; பையன் வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னான். இரண்டாம் வாரத்தில் ஊறவைத்த அரிசியைப் போட்டு, பாதியில் நிறுத்தி, மறுபடியும் சுவிட்சைப் போட்டோம். கல்லுக்கு அடியில் மாவு கெட்டியாக நின்றதால் மோட்டார் அசையவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்பெட் என்ற பாகம் வெடித்துச் சின்னப் புகை வந்தது. வீட்டில் பெண்கள் தினமும் செய்வதே அதுதான்: நிறுத்துவார்கள், வழித்து விடுவார்கள், மறுபடியும் போடுவார்கள். அவனுடைய கணினிக் கணக்கில் அந்த வழித்து விடுதல் இல்லை. இரண்டாவது பலகையும் அப்படியே போயிற்று. மூன்றாவதில் மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்து, முதலில் அரைச் சுற்று பின்னோக்கி அசைத்து, பிறகு முன்னோக்கி ஓடும்படி மென்பொருளை மாற்றினான். பின்னோக்கி அசைக்கும் யோசனை அவனுடையது அல்ல. மாவு இறுகினால் குழவியைக் கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் போடுவோம் என்று என் மனைவி சொன்னாள். இப்போது நின்ற நிலையிலிருந்து ஓடுகிறது. அடியில் மாவுத் தண்ணீர் கசிவதை இன்னும் நிறுத்த முடியவில்லை. காந்தங்கள் சீனாவிலிருந்து வர வேண்டியிருப்பதால் அடுத்த தொகுதிக்குக் காத்திருக்கிறோம். மதுரைக்காரர் சொன்னபடி, விற்பனைக்கு அனுப்புவதற்கு முன் ஆறு வீடுகளில் ஓராண்டு ஓட விடுவதாக முடிவு செய்திருக்கிறோம். முதலீட்டாளர் பேச்சு அதற்குப் பிறகுதான் என்று அவனே சொல்லிவிட்டான்.

பவர் டேபிள் அம்மாவுக்காக இதுவரை ஆன கணக்கை முழுதாக எழுதுகிறேன். மூன்று பலகைக்கும் உதிரிக்கும் 9,200 ரூபாய். பேட்டர்ன் திருத்தியதற்கு 2,500. வார்ப்படம் இரண்டு முறை ஊற்றியதற்கு 3,800. முதல் முறை ஊற்றியது வீண். லேத்துக்கு நான்கு தடவைக்கும் சேர்த்து 3,000. வைண்டிங் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 700. கடைசி வைண்டிங் மட்டுந்தானே ஓடியது, அதற்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று வைண்டிங் கட்டிய தம்பி சொன்னார். 3,500 ரூபாயும் அன்று மாலையே கையில் கொடுத்தாயிற்று.

பவர் டேபிள்

பார்த்தேன், அண்ணா. ஆறு வீட்டில் ஒரு வீடாக எங்கள் வீட்டை எழுதிக்கொள்ளுங்கள். தினமும் மூன்று படி அரிசி அரைக்கிறோம், யூனிட்டுக்கும் சேர்த்து.